தோட்டத்தில் இகுவானா வளர்க்க லைசென்ஸ் வேண்டுமா?

கேள்வி: ‘‘மாட்டுத்தாவணி மார்க்கெட்டுக்குக் கத்தரி, கீரை கொண்டுவந்து விற்கிறோம். சென்னையில் இருக்கும் தம்பி மகன் நான்கடி நீளப் பச்சை இகுவானா வளர்க்கிறான். வீட்டுக்காரர் சம்மதிக்கவில்லையாம். ‘உங்க தோட்டத்துல இருக்கட்டும் பெரியப்பா’ என்கிறான். வாங்கி வைக்கலாமா? லைசென்ஸ் வேண்டுமா?’’
- வாசகர், மேலூர் வட்டம்.

பதில்: வனத்துறையில் பதிவு செய்திருக்க வேண்டும். மகன் பெயரில் பதிவு இருக்கிறதா என்று பார்க்காமல் வாங்கி வைக்க வேண்டாம். வழக்கு என்று வந்தால், ‘யாருடையது?’ என்பதோடு, ‘யார் வசம் இருக்கிறது?’ என்றும் கேட்பார்கள்.

1972-ம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் 2022-ல் செய்த திருத்தம், 2023 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கிறது. ‘சைட்டிஸ்’ என்ற சர்வதேச ஒப்பந்தத்தில் வரும் வெளிநாட்டு உயிரினங்கள் இதன் 4-ம் அட்டவணையில் சேர்க்கப்பட்டுள்ளன. பச்சை இகுவானா, ‘பால் பைத்தான்’ எனப்படும் ஆப்பிரிக்க மலைப்பாம்பு ஆகியவை இதில் அடங்கும்.

இவற்றைப் பதிவு செய்வதற்கான விதிகள் 2024 பிப்ரவரி 28-ல் வெளியாயின. ஏற்கெனவே வைத்திருந்தவர்களுக்குக் கொடுத்த ஆறு மாத அவகாசம் முடிந்துவிட்டது. இப்போது, கைக்கு வந்த 30 நாள்களுக்குள் ‘பரிவேஷ் 2.0’ இணையதளம் மூலம் மாநிலத் தலைமை வன உயிரினக் காப்பாளருக்கு விண்ணப்பிக்க வேண்டும். கைமாற்றினாலும், குஞ்சு பொரித்தாலும், இறந்தாலும் தெரிவிக்க வேண்டும். ஊராட்சியோ, கால்நடை மருந்தகமோ, வேளாண் அலுவலகமோ இதற்கு அனுமதி தர முடியாது. மீறினால் மூன்று ஆண்டுகள் வரை சிறை அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் கிடைக்கலாம்.

விற்றவரின் ரசீதையும் கேளுங்கள். கடத்தி வரப்படுபவையும் உண்டு. 2023 ஜூலை இறுதியில், கோலாலம்பூரிலிருந்து திருச்சி விமான நிலையம் வந்த பயணி ஒருவரின் பெட்டியில் 47 மலைப்பாம்புகளும் 2 பல்லிகளும் பிடிபட்டன.

நம் நாட்டு மலைப்பாம்பு, உடும்பு, நட்சத்திர ஆமை மூன்றும் 1-ம் அட்டவணையில் உள்ளவை. இவற்றைப் பிடித்து வளர்ப்பது குற்றம். தண்டனை மூன்று முதல் ஏழு ஆண்டுகள் வரை சிறை. வயலில் தென்பட்டால் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

காகிதம் இல்லை என்பதற்காக இகுவானாவைக் கண்மாய்க் கரையில் விட்டுவிடவும் கூடாது. அது இலை, பூ, காய் தின்னும் பிராணி. ஐந்தடிக்கு மேலும் வளரும். தைவானின் தென்பகுதியில் இப்படி வெளியே போனவை பெருகி, விவசாயிகளின் பயிரை மேய்கின்றன. அங்கே அரசே ஆள் வைத்துப் பிடிக்கிறது. நம் கத்தரிக்கும் கீரைக்கும் அந்த நிலை வர வேண்டாம்.

பதிவு இருந்தால், கைமாற்றத்தைத் தெரிவித்த பிறகு கொண்டுவரச் சொல்லுங்கள். பதிவு இல்லையென்றால், அது சென்னையிலேயே இருக்கட்டும். மகனை அங்குள்ள வனத்துறை அலுவலகத்துக்கு நேரில் போய் விவரம் சொல்லச் சொல்லுங்கள். மறைத்து வைக்க வைக்கச் சிக்கல்தான் கூடும்.