முதல்ல பஸ்ஸை விடுங்க சார்!

‘ராஜபாளையத்தில் முதல் முறையாக!’ என்று ஃப்ளெக்ஸ் வைத்திருந்தார்கள். டி.ஜே., கலர் லைட்டு, ஃபுட் ஸ்டால், ராத்திரி ஒரு மணி வரை கொண்டாட்டம். தலைக்கு 400 ரூபாய். கான்சாபுரத்தில் உறவினர் வீட்டுக்கு வந்திருந்த நானும் போனேன். ஆயிரம் பேர் நிற்கக்கூடிய மைதானம். பத்தரை மணிக்கு எண்ணிப் பார்த்தேன். 43 பேர். அதில் கறுப்பு டி-ஷர்ட் போட்ட பாதுகாவலர்களே 12 பேர். பெண்கள் ஐந்து பேர். பேல்பூரிக்காரர் செல்போனில் சீரியல் பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்பீக்கர் மட்டும் வராத ஆயிரம் பேருக்கும் சேர்த்து அலறியது.

ஏற்பாட்டாளர்களில் ஒருவர் வருத்தத்தோடு சொன்னார்: “நம்ம ஊர் ஜனங்களுக்கு நைட் லைஃப்னா என்னன்னே தெரியல சார். ஒன்பது மணிக்கே படுத்துடுறாங்க.”

நஷ்டப்பட்டவர் மேல் எனக்கும் பரிதாபம் உண்டு. ஆனால் இந்த வசனத்தை ஒப்புக்கொள்ள முடியாது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடிப்பூர உற்சவத்தின் ஐந்தாம் நாள் ராத்திரி ஐந்து கருட சேவை. அன்றைக்கு வந்து பாருங்கள், யார் ஒன்பது மணிக்குப் படுக்கிறார்கள் என்று. ஆடி கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்கு ராத்திரியெல்லாம் நடந்தே போகிற கூட்டத்தில் கைக்குழந்தைக்காரிகளும் உண்டு, எழுபது வயதுப் பாட்டிகளும் உண்டு. கிராமத்துப் பொங்கல் என்றால் சங்கரதாஸ் சுவாமிகளின் ‘வள்ளி திருமணம்’ பத்து மணிக்கு மேல்தான் ஆரம்பிக்கும், விடியும்போதுதான் முடியும். பாய், தலையணை, சீனிச்சேவு சகிதம் முன்வரிசையில் இடம் பிடிப்பது பெண்கள்தான். பபூனின் பச்சையான ஜோக்குக்கு முதலில் சிரிப்பதும் அவர்கள்தான். டிக்கெட் கிடையாது. ‘ஜோடியாக வந்தால்தான் அனுமதி’ கிடையாது. இதற்குப் பெயர் நைட் லைஃப் இல்லாமல் வேறென்ன?

அதை நாம்தான் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருட்டி வைத்தோம். 2000-ல் வந்த ஒலி மாசு விதிகள், ராத்திரி பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது என்கின்றன. பண்டிகை நாட்களில் நள்ளிரவு வரை அரசு தளர்த்தலாம். அதுவும் வருஷத்துக்கு 15 நாள்தான். நோயாளிகளும் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளும் இருக்கிற ஊரில் விதி வேண்டியதுதான். ஆனால் விடிய விடிய நடக்க வேண்டிய நாடகத்துக்கு அனுமதி கேட்டு ஸ்டேஷன் வாசலில் நிற்கிற ஊர்ப் பெரியவர்களைக் கேளுங்கள், அந்த விதி யார் மேல் எவ்வளவு பாரமாக விழுகிறது என்று. நான் போன திறந்தவெளி மைதானத்தில் பதினொரு மணிக்கும் ஸ்பீக்கர் அலறியது. யாரும் வந்து கேட்கவில்லை.

கடைகளுக்கு மட்டும் தாராளம். பத்து பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் கடைகளும் நிறுவனங்களும் 24 மணி நேரமும் திறந்திருக்கலாம் என்று 2019-ல் தமிழக அரசு ஆணை போட்டது. 2022-ல் நீட்டித்தது. பத்து பேர் வேலை பார்க்கிற டீக்கடையை எங்கள் பக்கத்தில் நான் பார்த்ததில்லை. டீக்கடைக்காரருக்குத் தெரிந்த அரசாணை, ஷட்டரில் விழும் லத்தியின் சத்தம்தான். மிச்சம் இருப்பது டாஸ்மாக். அது ராத்திரி பத்து மணிக்கு மூடினால் ஆண்களின் நைட் லைஃபும் முடிந்தது. பெண்களுக்கு அதுவும் இல்லை.

ஆனால் பெண்கள் ராத்திரி முழித்திருக்கவில்லையா? ராஜபாளையம் நூற்பாலை ஊர். தொழிற்சாலைகளில் ராத்திரி வேலைக்குப் பெண்களை வைக்கக் கூடாது என்ற சட்டப்பிரிவை 2000 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. ஆணுக்கு உள்ள உரிமை பெண்ணுக்கும் உண்டு என்பதற்காக வந்த, வரவேற்க வேண்டிய தீர்ப்பு. ஆக, ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு பெண் மெஷின் முன்னால் நிற்கலாம். அதே பெண் ராத்திரி பத்து மணிக்குத் தோழியோடு பஸ் ஸ்டாண்டில் டீ குடித்தால், “எந்த ஊரும்மா? இந்த நேரத்துல என்ன வேலை?” என்று நாலு பேர் விசாரிப்பார்கள். உழைக்கத் திறந்துவிட்ட ராத்திரியை உலாத்துவதற்கு நாம் திறந்துவிடவே இல்லை.

பி.காம். படித்த பாவத்துக்கு ஒரு கணக்கும் போட்டுவிடுகிறேன். கான்சாபுரத்திலிருந்து புருஷன், பெண்டாட்டி, இரண்டு பிள்ளைகள் இந்தக் கொண்டாட்டத்துக்குப் போவதாக வையுங்கள். டிக்கெட் 1,600. ஸ்டாலில் சாப்பாடு குறைந்தது 600. திரும்பிவர ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் மாறி வத்திராயிருப்பு பக்கம் போக வேண்டும். நடுராத்திரியில் அது அவரவர் ஜாதகம். கார்க்காரர் என்னிடம் கேட்டது 1,800. மொத்தம் 4,000 ரூபாய். தோட்ட வேலைக்கும் மில் வேலைக்கும் போகிற வீட்டில் இது எத்தனை நாள் கூலி? 2021-லிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை, நல்ல திட்டம். ஆனால் வராத பஸ்ஸில் யாரும் இலவசமாக ஏற முடியாது.

லண்டனில் 2016 ஆகஸ்டில், வெள்ளி, சனி ராத்திரிகளில் விடிய விடிய பாதாள ரயில் விட ஆரம்பித்தார்கள். ராத்திரி வாழ்க்கையைக் கவனிக்கவென்றே ‘நைட் ஸார்’ என்று ஒருவரை நியமித்தது அதற்குப் பிறகு, நவம்பரில். முதலில் ரயில், அப்புறம் பதவி. நாம் முதலில் லேசர் லைட்டை வாடகைக்கு எடுக்கிறோம்.

சனிக்கிழமை மட்டுமாவது, ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வத்திராயிருப்பு பக்கம் பதினொரு மணிக்கு ஒன்று, ஒரு மணிக்கு ஒன்று என்று இரண்டு பஸ் விடட்டும். பஸ் ஸ்டாண்டில் விளக்கு எரியட்டும். பெண்கள் கழிப்பறையின் பூட்டைத் திறந்து வைக்கட்டும். இரண்டு டீக்கடையை போலீஸ் தொந்தரவு செய்யாமல் இருக்கட்டும். மூன்று மாசம் கழித்து அதே ஏற்பாட்டாளர் அதே மைதானத்தில், நுழைவுக் கட்டணத்தை 50 ரூபாயாக்கி, இன்னொரு தடவை ஸ்பீக்கர் கட்டிப் பார்க்கட்டும். பத்து மணிக்கு நிறுத்திவிடுவார் என்றால் நானும் வருகிறேன்.