காசோலை மட்டும் போதுமா?

புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்ட ஓடுவது வீண் ஆரவாரம், அந்தப் பணத்தை நேரே ஆய்வகத்துக்கு அனுப்பிவிடலாமே என்கிறார்கள் சிலர். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால், யாரும் ஓடாமல் அந்தப் பணம் எங்கிருந்து வந்திருக்கும்?

கனடாவின் டெர்ரி ஃபாக்ஸ் 1977இல் எலும்புப் புற்றுநோய்க்கு வலது காலைப் பறிகொடுத்தவர். 1980 ஏப்ரலில் செயற்கைக் காலுடன் நாட்டின் குறுக்கே ஓடத் தொடங்கினார். ஆரம்பத்தில் நன்கொடை சொற்பம். சுமார் பத்தாயிரம் பேர் வாழ்ந்த போர்ட் ஓ பாஸ்க் என்ற சிற்றூர்தான் பத்தாயிரம் டாலர் திரட்டித் தந்து நம்பிக்கையூட்டியது. 143 நாள், 5,373 கிலோமீட்டர். நோய் நுரையீரலுக்குப் பரவியதால் ஓட்டம் நின்றது. தலைக்கு ஒரு டாலர் கேட்டவருக்கு 1981 பிப்ரவரிக்குள் 2.4 கோடி டாலருக்கு மேல் சேர்ந்தது, அன்றைய கனடாவின் மக்கள்தொகை அளவுக்கு!

விளம்பரப் பலகைகளே முன்னால் நிற்கும் ஓட்டங்கள் உண்டு. அவற்றைக் கண்டிக்கத்தான் வேண்டும்.

ஆனால் டெர்ரி ஃபாக்ஸ் பெயரால் நடக்கும் ஓட்டத்துக்கு நுழைவுக் கட்டணமே கிடையாது. வழிகாட்டுவதும் தண்ணீர் தருவதும் தொண்டர்கள். 1981 செப்டம்பரில் நடந்த முதல் ஓட்டத்திலேயே மூன்று லட்சம் பேர் கலந்துகொண்டு 35 லட்சம் டாலர் திரட்டினார்கள். இதையா வீண் ஆரவாரம் என்பது?