அவரு தூங்கறாருங்க!

கல்யாணமான புதிதில் எல்லாக் கணவன்மார்களும் தவறாமல் கொடுக்கும் வாக்குறுதி ஒன்று உண்டு. ‘உன்னை இந்தியா பூராவும் சுத்திக் காட்டறேன்.’ அப்புறம் திருப்பதி ஒரு தடவை, ஊட்டி ஒரு தடவை, எல்.டி.சி. பாக்கி இருந்தால் டெல்லி, ஆக்ரா. மிச்ச இந்தியாவை அம்மணி டி.வி.யில் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

இந்த வாக்குறுதியை அட்சரம் பிசகாமல் நிறைவேற்றிய இரண்டு பேரை எனக்குத் தெரியும். ஒருவரைச் செல்போனில் பார்த்தேன். இன்னொருவரை சாந்தோமில் பார்த்தேன். பாதங்களை மட்டும். அது கடைசியில்.

செல்போன்காரருக்கு ஊர் கேரளாவில் ஏற்றுமானூர், கோட்டயம் பக்கம். பெயர் ரதீஷ். லாரித் தொழில். மனைவி ஜலஜா ஹெவி லைசென்ஸ் எடுத்தார். சும்மா பர்ஸில் வைத்துக்கொள்ள இல்லை. 2022-ல் கணவரும் மனைவியும் மாறி மாறி ஸ்டீயரிங் பிடித்து லாரியிலேயே காஷ்மீர் போய்விட்டார்கள். ஹனிமூனுக்குக் காஷ்மீர் போனவர்கள் நிறைய உண்டு. ஸ்டெப்னி, ஜாக்கி, தார்பாய், கயிறு சகிதம் போனவர்கள் ரொம்பக் கம்மி. போகிற வழியெல்லாம் படம் பிடித்து யூடியூபில் போட, லட்சக்கணக்கான பேர் பார்க்கிறார்கள். நானும் ஒருவன். ஆபீசில் லஞ்ச் டயத்தில், தயிர் சாதத்தோடு.

பெண்கள் பெரிய வண்டி ஓட்டுவது நமக்குப் புதுசில்லை. கன்னியாகுமரி மாவட்டத்து வசந்தகுமாரி 1993-லேயே நம்ம அரசு பஸ்ஸை ஓட்டிக் காட்டிவிட்டார். போபாலில் யோகிதா ரகுவன்ஷி என்று ஒருவர். சட்டம் படித்தவர். கணவர் இறந்த பிறகு லாரியில் ஏறினார். இவர்களெல்லாம் தனி ஆவர்த்தனம். புருஷனும் பெண்டாட்டியும் ஒரே வண்டியில், ஒரே சம்பாத்தியத்தில், வாரக்கணக்கில் ரோட்டில் குடித்தனம் நடத்துவது என்பது வேறு ராகம்.

1989-ம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளைப் புரட்டினால் (பொழுது போகாதவர்கள் புரட்டலாம்) ஒரு ஆச்சரியம் இருக்கிறது. நேஷனல் பர்மிட் லாரிக்கு இரண்டு டிரைவர்கள் வேண்டும். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் வண்டியின் முழு அகலத்துக்கும் இன்னொரு சீட் வேண்டும். மாற்று டிரைவர் அதில் காலை நீட்டிப் படுத்துத் தூங்க வசதி இருக்க வேண்டும். தூக்கத்தைப் பற்றி இவ்வளவு கரிசனமாக நம் சட்டத்தில் வேறெங்கும் நான் படித்ததில்லை. ஒரே ஒரு விஷயம். இங்கிலீஷ் மூலத்தில் அந்தத் தூங்குகிற டிரைவர் ஆண்பால். அங்கே ஒரு பெண்பால் படுக்கும் என்று விதி எழுதிய மகானுபாவருக்குச் சொப்பனத்தில்கூடத் தோன்றியிருக்காது.

அந்த இரண்டு டிரைவர் கட்டாயத்தையும் 2018-ல் தளர்த்திவிட்டார்கள். அதற்கு முன்பே பல வண்டிகளில் இரண்டாவது டிரைவர் பேப்பரில்தான் பயணம் செய்துகொண்டிருந்தார். காரணம் காசு. ஒரு வண்டி வைத்திருக்கிறவருக்கு டீசல், டோல்கேட், டயர், இன்ஷூரன்ஸ், மாதாந்திர டியூ எல்லாம் போக மிஞ்சுவதில் இன்னொரு டிரைவருக்குச் சம்பளமும் பேட்டாவும் கொடுத்தால், அவர் கையில் நிற்பது டோல் ரசீது மட்டும்தான்.

அமெரிக்காவில் இதை அழகாக ‘டீம்’ என்கிறார்கள். அங்கே பத்து மணி நேரம் ஓய்வு எடுத்தால்தான் ஒரு டிரைவர் அதிகபட்சம் பதினோரு மணி நேரம் ஓட்டலாம். 2017 டிசம்பரிலிருந்து இதைக் கவனிக்க எலெக்ட்ரானிக் மெஷின் வேறு. அது இன்ஜினோடு கனெக்‌ஷன், பொய் சொல்ல முடியாது. அதனால் இரண்டு பேர் இருந்தால் ஒருவர் மாற்றி ஒருவர் ஓட்டி வண்டி நிற்காமல் போகும். கணவனும் மனைவியுமாகவே டீம் சேருகிறவர்கள் அங்கே நிறைய. முதுகுக்குப் பின்னால் கட்டில், ஃப்ரிட்ஜ், மைக்ரோவேவ். நம் ஊரில் ஃப்ளாட் என்று விற்பதில் பாதி அதைவிடச் சின்னது.

இங்கே 1961-ம் வருஷச் சட்டம் ஒன்று மோட்டார் தொழிலாளருக்கு நாளைக்கு எட்டு மணி நேரம் என்று கணக்குப் போட்டது. நல்ல கணக்கு. ஆனால் ஐந்து பேருக்குக் குறையாமல் வேலைக்கு வைத்திருக்கும் கம்பெனிகளுக்குத்தான். முதலாளியும் தானே, டிரைவரும் தானே, கிளீனரும் தானே என்று இருக்கிறவர் ராத்திரி இரண்டு மணிக்கு யாரிடம் போய் ஓய்வு கேட்பது? சர்க்கார் இ-வே பில்லுக்கு 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் தருகிறது. சென்னையிலிருந்து டெல்லி சுமார் 2,200 கிலோமீட்டர். ஆக பதினோரு நாள். புக்கிங் ஆபீஸ்காரர் அதற்குள் பதினோரு தடவை போன் பண்ணி ‘எங்கய்யா வர்றே?’ என்பார்.

இனி சாந்தோம்.

இந்தப் பெயரே ஒரு பிரயாணியின் பெயர்தான். புனித தோமையாரைப் போர்ச்சுக்கீசியர் ‘ஸாவ் தொமே’ என்று அழைத்ததை நாம் நம் வாய்க்கு ஏற்ப மாற்றிக்கொண்டோம். சாந்தோம் நெடுஞ்சாலையில் பகலில் ஸ்கூல் வேன்களும் எம்.டி.சி. பஸ்களும் சண்டை போடும். ராத்திரியானால் லாரிகளின் ராஜ்யம். கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லிக்கு மெட்ரோ பாதை போடுவதற்காக 2023-ல் ‘ஃப்ளமிங்கோ’ என்று செல்லப் பெயர் வைத்த சுரங்க மெஷினைப் பூமிக்குள் இறக்கினார்கள். அது தோண்டிய மண் ஒரு பக்கம் போக, இரும்பு ஒரு பக்கம் வந்தது.

அப்படி வந்த ஒரு பன்னிரண்டு சக்கர லாரி ஒரு ராத்திரி சர்ச்சைத் தாண்டி ஓரமாக நின்றுகொண்டிருந்தது. சைக்கிள் டீக்காரரிடம் நான் டீ குடித்துக்கொண்டிருந்தேன். லாரியின் ஜன்னலிலிருந்து வளையல் போட்ட கை ஒன்று நீண்டு, “அண்ணா, ஒரு டீ” என்றது. சேலைக்கு மேல் காக்கிச் சட்டை. முப்பத்தைந்து வயசு இருக்கும்.

டீக்காரர் கிளாஸை நீட்டிக்கொண்டே உரக்க, “ஏம்மா, டிரைவர் எங்க? அவருக்கு வேணாமா?” என்றார்.

“நாந்தானுங்க டிரைவர். மெதுவாப் பேசுங்க. அவரு தூங்கறாருங்க.”

பின் சீட்டில், கட்டம் போட்ட போர்வைக்கு வெளியே இரண்டு பாதங்கள். ஒன்றில் மட்டும் சாக்ஸ்.

சங்ககிரிப் பக்கமாம். மற்ற ஊர்களில் மாப்பிள்ளை என்ன படித்திருக்கிறார் என்று கேட்பார்கள். சங்ககிரி, நாமக்கல், திருச்செங்கோடு வட்டாரத்தில் எத்தனை வண்டி என்று கேட்பார்கள். லாரிக்குப் பாடி கட்டுவது நாமக்கல்லில். போர்வெல் போடும் ரிக் வண்டி திருச்செங்கோட்டில். அந்தப் பக்கத்துக் குழந்தைகள் ‘அம்மா’வுக்கு அடுத்து ‘லோடு’ என்றுதான் சொல்லும் போலிருக்கிறது.

இவர்கள் சேலத்தில் ஜவ்வரிசி ஏற்றிக்கொண்டு மகாராஷ்டிரா போவார்கள். நாம் பாயசத்தில் போடுவதை அங்கே விரதத்துக்குக் கிச்சடி பண்ணிச் சாப்பிடுகிறார்கள். ரிட்டர்ன் லோடு வெங்காயமோ இரும்போ, கிடைத்தது. கிடைக்காவிட்டால் மூன்று நாளானாலும் லாரி ஷெட்டில் காத்திருக்க வேண்டும்.

“எப்படிம்மா ஓட்டக் கத்துக்கிட்டீங்க?”

“கிளீனர் வேலைக்கு இப்ப யாருங்ணா வர்றாங்க? முன்னெல்லாம் பசங்க கிளீனரா வந்து, தொழில் பழகி, டிரைவர் ஆவாங்க. இப்ப அத்தனை பேரும் டெலிவரிக்குப் போயிட்டாங்க. இவரு தனியாவே ஓட்டிக்கிட்டு இருந்தாரு. ஒரு நா விடியக்காலம் கண்ணு அசந்து டிவைடர்மேல ஏத்திட்டாருங்க. உசுருக்கு ஒண்ணுமில்லீங்க. போன்ல சொல்றப்ப சிரிச்சுக்கிட்டே சொன்னாரு. எனக்குத்தான் அதுக்கப்பறம் தூக்கமே இல்லை. அவரு ரோட்டுல முழிச்சிருப்பாரு, நான் ஊட்டுல முழிச்சிருப்பேன். ரெண்டு பேரும் முழிச்சிருக்கறதுக்கு, ஒரே வண்டியில இருந்தா ஒருத்தராவது தூங்கலாமில்லீங்களா?”

முதலில் கார் லைசென்ஸ். அது எடுத்து ஒரு வருஷம் ஆனால்தான் லாரிக்கு எல்.எல்.ஆரே கிடைக்கும். அந்த ஒரு வருஷமும் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து கியர் மாற்றுவதையே பார்த்துக்கொண்டு வந்தாராம்.

இருபத்துநாலு மணி நேரமும் கூடவே இருந்தால் சண்டை வராதா என்று கேட்டேன். கல்யாணமானவன் கேட்கிற முதல் கேள்வி அதுதானே.

“சேர்ந்தாப்புல முழிச்சிருந்தாத்தானுங்களே சண்டை! நான் ஓட்டுனா அவரு தூங்குவாரு. அவரு ஓட்டுனா நான். சோலாப்பூர்ல ஆரம்பிச்ச சண்டை ஓசூர்ல வந்துதான் முடியும். அதுக்குள்ள எதுக்குன்னே மறந்துபோயிருமுங்க.”

எனக்கு உறைத்தது வேறு. என் மனைவி ஸ்கூட்டர் ஓட்டிப் பின்னால் உட்கார்ந்தால், லஸ் கார்னர் வருவதற்குள் நான் இல்லாத பிரேக்கை நாற்பது தடவை மிதிப்பேன். இந்த ஆசாமி முப்பது டன்னுக்கு மேல் எடையுள்ள வண்டியில், மலைச்சரிவில், மனைவி ஓட்டக் குறட்டை விட்டுத் தூங்குகிறார்.

“முதல்ல தூங்கமாட்டாருங்க. கண்ணை மூடிக்கிட்டுப் படுத்திருப்பாரு. ஒவ்வொரு பிரேக்குக்கும் காலு ஆடும். கண்ணாடியில பாப்பனுங்க. ஆறேழு ட்ரிப் ஆச்சு, காலு ஆடாம நிக்க.”

குழந்தைகள் இரண்டு. பாட்டி வீட்டில். டோல்கேட்டில் வண்டி நிற்கிற நேரத்தில் போன் பண்ணி வீட்டுப்பாடம் கேட்பாராம். 2021-ல் ஃபாஸ்டாகைக் கட்டாயமாக்கினார்கள். கியூ குறைந்தது. நாடே சந்தோஷப்பட்டது. இந்தம்மாவுக்கு வாய்ப்பாடு ஒப்பிக்க வைக்கும் நேரம் போச்சு.

“வண்டி யாரு பேர்ல?”

“அவரு பேர்லதானுங்க. லோனுக்கு நானும் கையெழுத்துப் போட்டிருக்கேன்.”

“உங்களுக்குப் பேட்டா உண்டா?”

சிரித்தார். பதில் சொல்லவில்லை. வெளி ஆள் ஓட்டினால் கணக்கு நோட்டில் ஒரு செலவு வரி எழுதியாக வேண்டும். பெண்டாட்டி ஓட்டினால் அந்த இடம் காலி. ஆர்.சி. புக்கிலும் இல்லை, பேட்டாவும் இல்லை, கடனில் மட்டும் பாதி. இதை நான் உரக்கச் சொல்லவில்லை. போர்வைக்காரர் எழுந்துவிட்டால் என்ன செய்வது?

2025 அக்டோபர் 1-லிருந்து தயாராகும் புது லாரிகளில் டிரைவர் கேபினுக்கு ஏ.சி. கட்டாயம் என்று ரூல் வந்திருப்பதைச் சொன்னேன். பெட்ரோல் பங்குகளில் ‘அப்னா கர்’ என்று லாரிக்காரர்களுக்குத் தங்கும் அறைகள் கட்டுவதையும் சொன்னேன். பேப்பர் படிக்கிறவன் என்று காட்டிக்கொள்ள வேண்டாமா?

“ஏ.சி. நல்லதுதானுங்க. எங்க வண்டி பழசு. ரூமு ஒண்ணு பாத்தேன். வரிசையாக் கட்டிலு, அத்தனையும் ஆம்பளைங்க. நான் எந்தக் கட்டில்ல படுக்க?”

டேஷ்போர்டில் சாமி படத்துக்குக் கீழே ஒரு நாற்பது பக்க நோட்டு. எடுத்துக் காட்டினார். டீசல் கணக்கு என்று நினைத்தேன். இல்லை. பாத்ரூம் கணக்கு. ஊர், எந்தப் பங்க், போகிற பக்கமா வருகிற பக்கமா, தண்ணீர் உண்டா, லைட் உண்டா, தாழ்ப்பாள் உண்டா, ராத்திரி பூட்டிவிடுவார்களா. சிலவற்றுக்கு எதிரே ‘நல்ல மனுசன், சாவி தருவார்’. ஒரு இடத்தில் ‘தாழ்ப்பாள் இல்லை. மாமா வெளியே நிக்கணும்’. நாலு வருஷத்தில் சேர்த்தது. ஆண்களுக்கு நெடுஞ்சாலை முழுக்க மறைவிடம். இவருக்கு இந்த நாற்பது பக்கம்தான்.

கூட வண்டியில் போக ஆரம்பித்த வேறு இரண்டு லாரிக்காரர்களின் மனைவிமார்கள் இதை ஜெராக்ஸ் எடுத்துப் போயிருக்கிறார்களாம்.

புரட்டினேன். ஓசூர், கிருஷ்ணகிரி, வாலாஜாபேட்டை, ஸ்ரீபெரும்புதூர் என்று வந்து பூந்தமல்லியோடு எழுத்து நின்றுவிட்டது.

“சென்னைக்குள்ள?”

“இங்க ராத்திரியில ஒண்ணும் அமையலீங்ணா. இறக்கி முடிக்க விடிஞ்சிரும். அதுவரைக்கும் தண்ணி குடிக்காம இருந்துக்குவேன்.”

டீயில் இரண்டு வாய் மட்டும் குடித்துவிட்டு, மீதியை ஜன்னலுக்கு வெளியே கொட்டி, கிளாஸைத் திருப்பிக் கொடுத்தார்.