ஒட்டுசுட்டானுக்கு வராத ‘நாடு முழுவதும்’

இலங்கையில் ‘நாடு முழுவதும்’ என்பதைப் போல மலிவாக விற்கப்படும் சொற்கள் வேறில்லை. வாகனக் காப்புறுதி விளம்பரத்திலும், வீதியோர உதவித் திட்டத்தின் அட்டையிலும், வான் வாடகைக்கு விடுபவரின் வாய்ப்பேச்சிலும் இவைதாம் முன்னே வந்து நிற்கின்றன. அந்த ‘நாடு’ எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கேட்பதற்கு மட்டும் நமக்கு ஏனோ கூச்சம்.

விடுமுறைக்கு ஊர் திரும்பும் புலம்பெயர்ந்த குடும்பங்கள் சில, படுக்கையும் அடுப்பும் பொருத்திய பழைய ஹயஸ் வானையோ ஃபோக்ஸ்வாகன் கொம்பியையோ எடுத்துக்கொண்டு ஏ-9 வீதியில் புறப்படுகின்றன. நல்ல காரியம். பிள்ளைகள் வன்னியைக் கண்ணாடி மூடிய குளிரூட்டிய பேருந்திலிருந்து பார்ப்பதைவிட இது மேலானது. ஆனால் இவர்களுக்குக் கிடைக்கும் அறிவுரை இரண்டே வகை. “மலிவான திட்டம் ஒன்றை எடுத்து அட்டையைப் பையில் வைத்துக்கொள், மற்றதை அவன் பார்ப்பான்” என்பது ஒன்று. “திட்டமாவது மண்ணாங்கட்டியாவது, முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தால் போதும்” என்பது மற்றது. இரண்டும் பிழை. பிள்ளையார்மீது எனக்குக் குறையில்லை; அவர் எக்காலத்திலும் ‘நாடு முழுவதும்’ என்று விளம்பரம் செய்தவரல்லர்.

வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். வவுனியாவிலிருந்து கிளிநொச்சி ஏறக்குறைய 80 கிலோமீற்றர். இடையில் மாங்குளத்தில் கிழக்கே திரும்பினால், ஒட்டுசுட்டான் வழியாக முல்லைத்தீவுக்கு இன்னும் 50 கிலோமீற்றர். பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குச் செல்லும் வீதியும் ஏறக்குறைய அதே தூரந்தான். நெடுந்தூரத்துக்கு இருபுறமும் காடு. இருட்டினால் யானை குறுக்கிடும். கண்ணிவெடி அகற்றும் பணி வன்னியில் இன்னும் நிறைவு பெறவில்லை. ஆகவே பழக்கமில்லாத காட்டோரத்தில் வானைத் தள்ளி ஒதுக்கிவிட்டு நிழல் தேடி உள்ளே நடப்பது அறிவுடைமை ஆகாது. கொழும்பில் வாகனம் நின்றால் அது தாமதம். இங்கே பிள்ளைகளோடு இரவில் நின்றால் அது ஆபத்து.

இப்போது அட்டையின் பின்பக்கத்துச் சிறிய எழுத்துக்கு வருவோம். இத்தகைய திட்டங்களில் இலவசமாக இழுத்துச் செல்லும் தூரத்துக்கு ஓர் எல்லை இருப்பது வழக்கம். அது 20 கிலோமீற்றர் என்று வைத்துக்கொள்வோம். ஒட்டுசுட்டானில் நின்றுபோன வானை அந்தத் தூரத்துக்குள் எங்கே கொண்டு சேர்ப்பது? பழைய வானுக்கு உதிரிப்பாகம் வாங்க வவுனியாவோ கிளிநொச்சியோதான் போகவேண்டும். மேலதிகக் கிலோமீற்றருக்கெல்லாம் உங்கள் பையிலிருந்து பணம் போகும். அதனிலும் முக்கியமான கேள்வி, இழுவை வாகனம் எந்த ஊரிலிருந்து புறப்படும் என்பது. அனுராதபுரத்திலிருந்து வரவேண்டுமென்றால் உங்கள் அட்டை காத்திருப்பதற்கான அனுமதிச் சீட்டே தவிர வேறில்லை.

வாகனத்தின் வயது அடுத்த கண்ணி. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் கதவு திறந்தது. இந்த ஐந்தாண்டுகளில் நாட்டில் ஓடியவை யாவும் ஐந்தாண்டு முதிர்ந்தன. பழைய வான் என்பது இன்று ஆடம்பரக்காரரின் பொழுதுபோக்கன்று, நாட்டின் பொதுநிலை. ஆயினும் குறிப்பிட்ட வயதைக் கடந்த வாகனத்தை ஏற்காத திட்டங்கள் உண்டு. இது இங்கு மட்டுமுள்ள குறையுமன்று. பிரித்தானியாவிலும் சில திட்டங்கள் வயதைப் பார்க்கின்றன, எடை மூன்றரைத் தொன்னைத் தாண்டினால் கைவிரிக்கின்றன. நோயாளிக்கு இடமில்லை என்று வாசலில் எழுதி ஒட்டிய ஆஸ்பத்திரியை என்னவென்பது? வானுக்குள் படுக்கையும் எரிவாயு அடுப்பும் பொருத்தியதைக் காப்புறுதியாளருக்கு எழுத்தில் அறிவிக்காதிருந்தால், அதையே காரணமாக்கி மறுக்கவும் வழியுண்டு.

இத்தனையும் சொல்வது திட்டமே வேண்டாம் என்பதற்காக அன்று. வன்னியில் வாகனம் நின்றால் உண்மையில் வருபவர் யார் என்பதை நினைவூட்டவே. 1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் பெற்றோல் வன்னிக்கு எட்டாக்கனி. அப்போது ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், மொறிஸ் மைனர் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் எளிதில் ஆவியாகாது. எனவே சில துளி பெற்றோலைக் காபுரேற்றரில் விட்டு எஞ்சினை உயிர்ப்பித்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். அழுத்த விகிதம் குறைந்த பழைய எஞ்சின்கள் என்பதால் அது சாத்தியமாயிற்று. இந்தத் தொழில்நுட்பத்தை அந்தக் கார்களுக்குப் பொருத்தி ஓடவைத்தவர்கள் நமது கராஜ்காரர்கள். அந்தக் கைகளிடம் தொழில் பழகியவர்கள் புளியங்குளத்திலும் மாங்குளத்திலும் புதுக்குடியிருப்பிலும் இன்றும் இருக்கிறார்கள். அழைத்தால் மோட்டார் சைக்கிளில் ஆயுதப் பெட்டியோடு வருபவர் அவர்தான்.

ஆகவே திட்டத்தைத் தெரிவு செய்யும்போது நான் முதலில் பார்க்கச் சொல்வது ஒரே ஒரு விதியை. அருகிலுள்ள மெக்கானிக்கை நாமே அழைத்து, கூலி கொடுத்து, பற்றுச்சீட்டைக் காட்டினால் நிறுவனம் அந்தப் பணத்தைத் திருப்பித் தருமா? தரும் என்று எழுத்தில் இருந்தால் அந்தத் திட்டம் வன்னிக்குச் செல்லும். ‘எமது அங்கீகாரம் பெற்ற சேவையாளர் மட்டும்’ என்றிருந்தால், கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களில் அந்த அங்கீகாரம் பெற்றவர் யார் என்று கேளுங்கள். பதில் தயங்கினால் புரிந்துகொள்ளுங்கள்.

போலிப் பற்றுச்சீட்டுகள் குவிந்துவிடும் என்பது நிறுவனங்கள் வழக்கமாகச் சொல்லும் சமாதானம். நின்ற இடத்தையும் நேரத்தையும் ஒரு கைத்தொலைபேசிப் படம் சொல்லிவிடும் காலம் இது. தொகைக்கு உச்சவரம்பு வைக்கலாம். ஊருக்கு இரண்டு கராஜ்களைப் பதிவு செய்து ஒப்பந்தம் கொடுக்கலாம். தவணைப் பணத்தை வாங்கும்போது வன்னியின் முகவரி செல்லுமென்றால், வேலையைக் கொடுக்கும்போதும் செல்லவேண்டும். இதில் வாகன உரிமையாளரின் வசதி மட்டுமல்ல, அந்த மெக்கானிக்கின் பிழைப்பும் அடங்கியிருக்கிறது.

இன்னொன்று மொழி. 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. தனியார் நிறுவனத்தின் இரவுத் தொலைபேசியை அது ஆள்வதில்லை. பணம் கட்டுமுன் ஒருநாள் நள்ளிரவில் அந்த எண்ணை அழைத்து, “கனகராயன்குளம் தாண்டி நிற்கிறோம்” என்று தமிழில் சொல்லிப் பாருங்கள். மறுமுனையில் இருப்பவருக்கு இடம் விளங்குகிறதா என்பது ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

இழுவை வாகனம் புறப்படும் ஊர், இலவசத் தூரத்தின் எல்லை, வயதும் மாற்றமும் பற்றிய நிபந்தனை, உள்ளூர் மெக்கானிக்கின் கூலி ஆகிய நான்குக்கும் எழுத்தில் பதில் கேளுங்கள். தராத நிறுவனத்துக்குப் பணமும் தராதீர்கள். அந்தக் காசுக்கு நல்ல பற்றரி ஒன்றும், பான் பெல்ட்டும், ரேடியேற்றர் குழாயும் வாங்கி வானில் வையுங்கள். புறப்படுமுன் மாங்குளத்துக் கராஜ்காரர் ஒருவரின் தொலைபேசி எண்ணையும் எழுதிக்கொள்ளுங்கள்.