கதவு திறந்தது, சாவி கிடைக்கவில்லை!

தென் பிரான்சில் மொன்பெலியே என்றொரு நகரம். பெண்களுக்கென்று அந்நாட்டு அரசு கண்ட முதல் உயர்நிலைப் பள்ளி – அவர்கள் மொழியில் 'லிசே' – 1881-ல் அங்கேதான் திறக்கப்பட்டது. ஆண்பிள்ளைகளுக்கோ 1802-லேயே நெப்போலியன் லிசே அமைத்துவிட்டான். சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்று உலகுக்கே பாடம் சொன்ன நாட்டில், அண்ணன் படியேறி 79 ஆண்டு கழித்துத்தான் தங்கை படியேறினாள்!

எங்கோ இருக்கும் ஊரின் பள்ளிக்கதை நமக்கெதற்கு என்று தோழர்கள் கேட்கக்கூடும். உரிமையை எப்படி அரைகுறையாகக் கொடுப்பார்கள் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் இல்லை, அதனால்தான் சொல்கிறோம்.

பள்ளிக்கு வழிவகுத்தது, காமில் சே என்ற பிரதிநிதி கொண்டுவந்த 1880 டிசம்பர் 21-ம் நாள் சட்டம். வரவேற்க வேண்டிய சட்டம்தான். ஆனால் உள்ளே என்ன? பிரெஞ்சு உண்டு, வரலாறு உண்டு, கணக்கு உண்டு, தையலும் உண்டு. லத்தீன் இல்லை. பல்கலைக்கழகத்தின் சாவியான 'பக்கலோரியா' தேர்வுக்குப் பயிற்சியும் இல்லை. குடியரசுக்கேற்ற மனைவியரும் தாய்மாரும் வேண்டும், பட்டதாரிகள் வேண்டாம்! பந்தியில் உட்காரச் சொல்லிவிட்டு இலையை மடித்த கதை இதுதான்.

பெண்ணுக்கு அந்தத் தேர்வு எட்டாதா? 1861-லேயே லியோனில் அதை எழுதி வென்றார் ஜூலி விக்டுவார் தோபியே. 1866-ல் ஏழைப் பெண்களின் கூலியையும் வாழ்வையும் பற்றி நூல் எழுதியவரும் அவரே. எட்டாதது அறிவல்ல, எட்டவிடாதது அதிகாரம்!

ஆண்களுக்குரிய பாடமும் தேர்வும் பெண்களுக்கும் உண்டு என்ற ஆணை 1924-ல்தான் பிறந்தது. அப்போதும் பள்ளிக்குக் கட்டணம் இருந்தது. வழக்கறிஞர் மகள் போனாள்; நெசவாளி மகள் வாசலில் நின்றாள். உயர்நிலைக் கல்விக் கட்டணம் நீங்கியது 1930-களில். 1881-ல் 12 வயதில் அந்தப் பள்ளிக்குள் நுழைந்த சிறுமி, பெண்கள் முதன்முதல் வாக்களித்த 1945-ல் 76 வயதுக் கிழவி!

இன்று அதே பள்ளியில் ஆணும் பெண்ணும் ஒன்றாகப் படிக்கிறார்கள். மகிழ்கிறோம். ஆனால் பாடம் மறக்கவேண்டாம். "பள்ளி திறந்துவிட்டோம்" என்று எவர் சொன்னாலும் கைதட்டுவோம். தட்டிய கையோடு மூன்று கேள்வி கேட்போம்: என்ன பாடம்? என்ன சான்றிதழ்? என்ன கட்டணம்?

மூன்றுக்கும் நேரான விடை வரும்வரை, திறந்தது கதவல்ல, சன்னல்தான்!