நாக்கில் இனிப்பு மறைந்தால் ரத்தத்தில் சுகர் குறையுமா? சிறுகுறிஞ்சானும் ஒரு சுவை மரபணுவும்

திருத்தணியில் அது சிறுகுறிஞ்சான். பக்கத்து ஆந்திராவுக்குள் போனால் பொடபத்ரி. கொடி ஒன்றுதான். இலையை மென்றுவிட்டு சர்க்கரைப் பொங்கலை வாயில் போட்டால், இனிப்பே தெரியாது. ‘நாக்குல இருக்கிற இனிப்பையே கொல்லுதுன்னா, ரத்தத்துல இருக்கிற சுகரைக் கொல்லாதா?’ என்று மாத்திரையை ஓரங்கட்டுபவர்கள் உண்டு. 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர் ஆய்வின்படி தமிழ்நாட்டில் 20 வயதைத் தாண்டியவர்களில் 14.4% பேருக்கு நீரிழிவு. அதனால் இது சின்ன விஷயம் இல்லை.

இலையில் உள்ள ஜிம்னெமிக் அமிலம் நாக்கின் இனிப்பு உணர்விகளைக் கொஞ்ச நேரம் அடைத்துவைக்கிறது, அவ்வளவுதான். அந்த உணர்வி வாசல் என்றால், வீட்டுக்குள் அடிக்கும் மணி டி.ஆர்.பி.எம்.5 என்ற மரபணு தயாரிக்கும் புரதம். இனிப்பு, கசப்பு, உமாமி மூன்றுக்கும் இந்த மணி வேண்டும். உப்புக்கும் புளிப்புக்கும் தேவையில்லை. சூடு ஏற ஏற மணி பலமாக அடிக்கும்; உருகிய ஐஸ்கிரீம் திகட்டுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சுவாரஸ்யமே இனிமேல்தான். இந்தப் புரதம் கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களிலும் இருக்கிறது. மரபணு நீக்கப்பட்ட எலிகளுக்கு குளுக்கோஸ் கொடுத்தபோது இன்சுலின் போதுமான அளவு சுரக்கவில்லை என்று 2010-ல் பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினார்கள். குடலில் இதற்கு வேறு வேலை: அங்குள்ள ‘டஃப்ட்’ செல்கள் ஒட்டுண்ணி வந்ததை ஏறக்குறைய ‘ருசி’ பார்த்தே கண்டுபிடித்து, நோய் எதிர்ப்பு மண்டலத்தை உசுப்பிவிடுகின்றன. மரபணு இல்லாத எலிகளில் அந்த எச்சரிக்கை மழுங்கிப்போனது (ஹார்வர்டு, 2016). எல்லாம் எலியில் பார்த்தவை என்பதை மறக்க வேண்டாம்.

ஆக, நாக்கில் வாசலை அடைத்தால் கணையத்தில் சர்க்கரை குறைந்துவிடும் என்று கணக்குப் போட முடியாது.

அப்போ சிறுகுறிஞ்சான் சும்மாவா? அப்படியும் இல்லை. 1990-ல் சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், இன்சுலின் போட்டுக்கொண்டிருந்த 27 பேருக்கு இலையிலிருந்து பிரித்த சத்தை தினமும் 400 மில்லிகிராம் கொடுத்தார்கள். இன்சுலின் தேவை குறைந்தது. ஆனால் வெறும் 27 பேர். அதுவும் இன்சுலினோடு சேர்த்து, அளவு பார்த்துக் கொடுத்தது. வாயில் மென்ற இலை அல்ல.

மாத்திரையோடு பொடியும் சேர்ந்தால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கவும் கூடும். வியர்வை, கை நடுக்கம், படபடப்பு வந்தால் உடனே ஏதாவது இனிப்பு சாப்பிட வேண்டும். பொடியோ கஷாயமோ எடுப்பவர்கள், அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது அதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.