கைப்பேசியில் ஆங்கிலம்: தனித்துக் கற்பதா, கூடிக் கற்பதா?

பர்கூர்க் கடைவீதிக்கு ஜவுளி வாங்க வருவோர் தமிழில் விலை கேட்கின்றனர், தெலுங்கிலும் கன்னடத்திலும் கேட்கின்றனர், உருதுவிலும் கேட்பதுண்டு. கேட்ட மொழியிலேயே கடைக்காரர் விடை சொல்லி வியாபாரத்தை முடித்துவிடுகிறார். இவர்களுள் பெரும்பாலோர் அம்மொழிகளின் இலக்கணத்தை ஏட்டில் படித்தவரல்லர். காதால் கேட்டு, தவறு நேருமே என்று கூசாமல் பேசிப் பேசிப் பழகியவர்கள். ஆனால் அதே கடைக்கு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வந்துவிட்டால், பத்தாண்டு பள்ளியில் ஆங்கிலம் படித்த பிள்ளையும் அதைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கி நிற்கிறான். மூன்று மொழி எளிதில் வந்த ஊரில் நான்காவது மொழி மட்டும் நாவில் ஏறாமற்போனது ஏன் என்பதை அங்கத்தினர்கள் சிந்திக்க வேண்டும்.

ஆங்கிலம் கற்பதைப் பெருமைக்குரிய அணிகலனாகவோ, தாய்மொழிக்குப் பகையாகவோ நாம் கருதவில்லை. அஃது ஒரு கருவி. நெசவாளிக்கு அக்கருவி எப்போது தேவைப்படுகிறது? வெளியூர் வியாபாரி ஒருவர் நூறு சேலைக்கு எழுதும் ஆர்டரில், 'சப்ஜெக்ட் டு அப்ரூவல்' என்று மூன்றே சொல் இருக்கக்கூடும். சரக்கைப் பார்த்துச் சம்மதித்தால்தான் கொள்முதல் என்பது அதன் பொருள். அதை அறியாதவர் ஆர்டர் உறுதியென்று நம்பிப் பாவு ஓட்டிவிட்டால், சரக்கும் கடனும் அவர் தலையில்தான் விழும். மா விவசாயிக்கும் இதே நிலைதான். நம் மாவட்டத்து மாம்பழக் கூழ் கடல் கடந்து செல்கிறது. அதற்குரிய தரவிதிகளும் மருந்து எச்ச வரம்புகளும் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே எழுதப்படுகின்றன. ஒசூரிலும் பர்கூரிலும் உள்ள தொழிற்பேட்டைகளுக்கு வேலை தேடிப் போகும் நம் பிள்ளைகளுக்கோ, நேர்முகத் தேர்வில் இரண்டு வாக்கியம் தடையின்றிப் பேச வருவதே வாழ்வை மாற்றக்கூடும்.

நிற்க, கற்பதற்கு வழியில்லையென்று இன்று எவரும் சொல்வதற்கில்லை. 1943இல் வானொலி வழியாக ஆங்கிலப் பாடம் தொடங்கிய பி.பி.சி. நிறுவனம் இன்று இணையத்தில் இலவசமாகப் பாடங்களை வழங்குகிறது. பிரிட்டிஷ் கவுன்சிலின் தளத்தில் தொடக்க நிலையிலிருந்து உயர்நிலை வரை படிப்படியாகக் கேட்கவும் படிக்கவும் பயிற்சிகள் உள்ளன. மத்திய அரசு 2017இல் தொடங்கிய 'ஸ்வயம்' தளத்தில் கல்லூரிப் பேராசிரியர்களின் ஆங்கில வகுப்புகளைக் கட்டணமின்றிக் கேட்கலாம். சான்றிதழுக்குரிய தேர்வுக்குத்தான் பணம். அதே ஆண்டில் வந்த 'தீக்ஷா' பள்ளிப் பிள்ளைகளுக்கு உதவுகிறது. நம் மாநிலப் பாடநூல்களில் அச்சிட்டுள்ள சதுரக் குறியீட்டைக் கைப்பேசியில் காட்டினால் அப்பாடத்துக்குரிய காணொளி திறக்கிறது.

இத்தனை இருந்தும் பயன் குறைவாக இருப்பதற்குக் காரணங்கள் உள்ளன. இப்பாடங்களிற் பல தேர்வு எழுதும் மாணவரையோ நகரத்து அலுவலரையோ மனத்திற்கொண்டு ஆக்கப்பட்டவை. விமான நிலையத்தில் எப்படிப் பேசுவதென்று அவை சொல்லிக்கொடுக்கும். நூல் சாயம் போனதென்று புகார் எழுதும் முறையைச் சொல்லா. மேலும், கைப்பேசி பேசிக்கொண்டே போகும். நாம் கேட்டுக்கொண்டே இருப்போம். நம் வாயிலிருந்து ஒரு சொல்லும் வெளிவராமலே பாடம் முடிந்துவிடும். இலவசப் பாடத்தைத் தேடிப் போனவர் நடுவே வரும் விளம்பரத்தில் மயங்கி, முப்பது நாளில் ஆங்கிலம் என்ற வாக்குறுதிக்கு ஆயிரக்கணக்கில் பணம் கட்டுவதும் நடக்கிறது. பத்தாம் நாள் ஆர்வம் தளர்ந்துவிடும். கட்டிய பணம் மட்டும் திரும்பாது.

இயந்திரம் தானே எவ்வளவு தூரம் கற்பிக்கும் என்பதற்குத் தமிழ்ச் சிற்றூர் ஒன்றிலேயே சான்று உண்டு. ஆழிப்பேரலையால் தாக்குண்ட காளிக்குப்பத்தில், பேராசிரியர் சுகத மித்ரா தெருவோரத்தில் கணினி வைத்து, 26 சிறுவர்க்கு உயிர்த்தொழில்நுட்பப் பாடங்களை ஆங்கிலத்திலேயே விட்டுப் பார்த்தார். ஆசிரியர் எவரும் இலர். இரண்டு மாதங்களுக்குப் பின் அவர்கள் தேர்வில் நூற்றுக்கு ஏறத்தாழ 30 எடுத்தனர். பின்னர் அவ்வூரில் கணக்கு வேலை பார்த்த ஓர் இளம்பெண் அவர்களுக்குத் துணையாக நின்றார். அப்பாடம் அவருக்கும் தெரியாது. பிள்ளைகளின் பின்னே நின்று, 'அடடே, இது என்ன? இன்னொரு முறை சொல் பார்க்கலாம்' என்னும் பாங்கில் ஊக்கியதே அவர் செய்த பணி. மதிப்பெண் ஏறத்தாழ 50க்கு உயர்ந்தது. 2010இல் வெளியான இவ்வாய்வு சிறியதுதான். இதை வைத்தே எல்லாவற்றையும் முடிவுகட்டலாகாது. கவனிப்பார் இன்றிப் போன வேறு சில இடங்களில் இத்தகைய கணினிகள் பாழடைந்ததும் உண்டு. எனினும் இரண்டும் உணர்த்துவது ஒன்றே. பாடத்தை இயந்திரம் தரலாம். கற்பவனை விடாமல் உட்கார வைப்பது பக்கத்தில் இருக்கும் மனிதத் துணை.

அத்துணையைத் தரக்கூடியது கூட்டுறவுச் சங்கம் என்பதே நம் கருத்து. இது புதுமையன்று. 1844இல் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் 28 பேர் தொடங்கிய கடையே நம் இயக்கத்துக்கு முன்னோடி. அவர்களுள் நெசவாளர் பலர். மாவும் வெண்ணெயும் விற்ற அந்தச் சங்கத்தார் பின்னர் இலாபத்தில் நூற்றுக்கு இரண்டரைப் பங்கைக் கல்விக்கென ஒதுக்கி, படிப்பகமும் நடத்தினர். உலகக் கூட்டுறவாளர் 1995இல் வகுத்த ஏழு கொள்கைகளுள் ஐந்தாவதும் கல்வியையே பேசுகிறது. ஆகவே 'நூலும் கடனும் கொடுப்பதுதான் சங்கத்தின் வேலை' என்பாருக்கு நம் முன்னோரே விடை சொல்லிவிட்டனர்.

செய்யத்தக்கவை சிலவற்றைக் கூறுவோம். வாரத்தில் இரண்டு மாலை சங்கக் கட்டடத்தைத் திறந்து வையுங்கள். ஒரு தொலைக்காட்சிப் பெட்டியும் இணைய இணைப்பும் போதும். பத்து நிமிடம் ஒரு பாடத்தை எல்லோரும் சேர்ந்து கேளுங்கள். அடுத்த அரைமணி இருவர் இருவராக அதையே வாய்விட்டுப் பேசுங்கள். பொருள் விளங்காத இடத்தில் தமிழிலோ தெலுங்கிலோ கன்னடத்திலோ தயங்காது விளக்கிக்கொள்ளுங்கள். பிறகு சங்கத்துக்கு வந்த ஆங்கிலக் கடிதம் ஒன்றையோ, மருந்துப் புட்டியின் துண்டுத்தாளையோ எடுத்து வரிவரியாகப் படியுங்கள். ஷட்டில், பாபின், கவுண்ட், சாம்பிள், டெலிவரி, கிரேடு என ஆங்கிலச் சொற்கள் பல ஏற்கெனவே நம் வாயில் புழங்குகின்றன. அவற்றிலிருந்தே தொடங்கலாம். துணை நிற்பதற்கு ஆளும் அருகிலேயே உண்டு. பர்கூரில் 1994 முதல் அரசினர் பொறியியற் கல்லூரி நடக்கிறது. சங்கம் முறைப்படி வேண்டினால், முன்வரும் மாணவர் சிலராவது கிடைக்காமற் போகார். நம்மவருக்குச் சொல்லிக்கொடுப்பதால் அவர்களுக்கும் நாத்தயக்கம் நீங்கும்.

'ஐம்பது வயதில் இது வருமா?' என்று கேட்பவர், தாம் கன்னடம் பழகிய விதத்தை நினைத்துப் பார்க்கட்டும். பெண் அங்கத்தினர்களுக்கு மாலை நேரம் இசையாதெனில், அவர்களுக்கு இசைந்த நேரத்தை அவர்களையே கேட்டு வைக்க வேண்டும். வீட்டில் கைப்பேசி ஒன்றே இருக்கும்போது அது கடைசியாகப் பெண்மக்கள் கைக்குத்தான் வருகிறது. பொதுவிடத்துப் பாடம் இக்குறையையும் நீக்கும்.

இதனால் அரசினர் கடமை தீர்ந்ததாகாது. உழவனும் நெசவாளியும் கையாளும் படிவங்களும் தளங்களும் தெளிந்த தமிழில் இருக்க வேண்டுமென்ற கோரிக்கையை நாம் விடலாகாது. அதுவரை கையெழுத்திடும் தாளில் என்ன எழுதியிருக்கிறதென்று அறியாமல் இருப்பதும் தகாது. தனியொருவர் வாங்க இயலாத நூல் மூட்டையைச் சேர்ந்து வாங்கக் கற்றவர்கள் நாம். அதே முறையை இக்கல்விக்கும் கைக்கொள்ள வேண்டி, வரும் பொதுக்குழுவிலேயே இதனைத் தீர்மானமாகக் கொண்டுவருமாறு நிர்வாகக் குழுவினரையும் அங்கத்தினர்களையும் கேட்டுக்கொள்கிறோம்.